பத்து எண்ணுறதுக்குள்ள

உக்காருங்கப்பா, உக்காருங்க. இந்தா, பச்சைச் சட்டை, ஒங்களத்தான். நின்னுக்கிட்டுக் குடிச்சா டீ கூடவா ருசிக்கும்? உக்காருங்க. பெஞ்சு பத்தலைன்னா அந்தக் கல்லு மேல குந்துங்க. ஏய் ரியாசு, வாய மூடு, போனையும் மூடு. பேச்ச நிறுத்துங்கப்பா எல்லாரும். நான் பேசப் போறேன். நான் பேசுற எடத்துல இன்னொருத்தன் பேசுனா எனக்குச் சோறு எறங்காது.

எஸ்தர் மேடம், ஆரம்பிக்கட்டுமா? நோட்ட மடியில வச்சிக்கிட்டு ஜட்ஜு மாதிரி உக்காந்திருக்கீங்க. பயமா இருக்கு. இல்ல, பயமில்ல, சும்மா சொன்னேன்.

புதுசா நாலு பேரு வந்திருக்கீங்க இன்னைக்கு. எம் பேரு சோணைமுத்து. வேன் சோணைன்னா திண்டுக்கல்லுல இருந்து நத்தம் வரைக்கும் தெரியும். வேன் ஓட்டுறதுனால பாதிப் பேருக்குத் தெரியும், கல்யாண வீட்டு மேடையில மைக்கப் புடிச்சு முப்பது கொரல் பேசுறதுனால மீதிப் பேருக்குத் தெரியும். மாப்பிள்ளையோட மாமா கொரல்ல பேசி மாமாவையே அழ வச்ச ஆளு நானு. படிப்பு எட்டாப்பு. அதுலயும் பெயிலு. கையில கட்டு என்னன்னு பாக்குறீங்களா? ஒண்ணுமில்ல, வண்டி சைலன்சர்ல பட்டுருச்சு. அத விடுங்க.

இன்னைக்கு எனக்கு ஒரு நாயம் வேணும். அதுக்குத்தான் இந்த மலையடிவாரத்து டீக்கடைக்கு எல்லாரையும் வரச் சொன்னது. ஆனா மொதல்ல வெளையாட்டச் சொல்லிருறேன். அது தெரியாம நாயம் புரியாது.

எவனோ ஒருத்தன் ஒரு டப்பாவக் கொண்டு போயி மலையிலயோ பாலத்துலயோ ஒளிச்சு வச்சிருவான். வச்ச எடத்த போன்ல ஏத்திருவான். நாம சேட்டிலைட்டு காட்டுற வழியில போறோம். "இன்னும் இருபது மீட்டரில் நீங்கள் சேருமிடம் வந்துவிடும்." எப்படி? அப்படியே அந்தப் போன்காரி கொரலு, இல்ல? எடத்துக்குப் போனதும் போனு கைய விரிச்சிரும். அப்பறம் கல்லப் பொரட்டணும், பொந்துல கைய விடணும். பொட்டி கெடைச்சா உள்ள ஒரு குட்டி நோட்டு இருக்கும். அதுல பேரு, தேதி, மணி எழுதிட்டு, எடுத்த எடத்துலயே பொட்டிய வச்சிட்டு வந்திரணும். அம்புட்டுத்தான். இதுல என்னடா இருக்குன்னுதான் நானும் நெனச்சேன். மூணு வருசத்துக்கு முன்னாடி இந்த மேடத்தையும் நாலஞ்சு பேரையும் வேன்ல ஏத்திட்டுப் போனேன். ஒரு மணி நேரம் வண்டியில கொட்டாவி விட்டேன். அப்பறம் எறங்கித் தேடுனேன். பொட்டி கையில தட்டுப்பட்டுச்சு பாருங்க, மலையே அதிர்ற மாதிரி கத்துனேன். அன்னையில இருந்து பைத்தியம்.

புதுப் பொட்டியில மொத வரியில பேரு எழுதுறவன்தான் ராசா. 'மொத பேரு'ம்போம். மூணு வருசமாத் தேடுறேன், இது வரைக்கும் எனக்கு ஒரு மொத பேரு கெடையாது. ரியாசுக்கு ஏழு இருக்கு. மேடத்துக்குப் பன்னெண்டு. எனக்கு முட்டை. மேடையில நான் ஏறுனா ஊரே சிரிக்குது, நோட்டத் தொறந்தா நான் எப்பவும் நாலாவது ஆளு. அது எப்படி வலிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது.

சரி. இப்ப மரியாதைக்கு வருவோம். தேடப் போன எடத்துல இன்னொரு ஆளும் தேடிக்கிட்டு இருந்தா என்ன செய்யணும்? மேடம் கொரல்லயே சொல்றேன். "சகோதரர்களே, மொதல்ல வணக்கம் சொல்லணும். தேடுறீங்களான்னு கேக்கணும். முன்னாடி வந்தவங்கள முன்னாடி தேட விடணும். கண்டுபிடிச்சிட்டா கத்தக் கூடாது, சோணை, ஒங்களத்தான் சொல்றேன், கத்தக் கூடாது. அமைதியாத் தள்ளிப் போயி, ரெண்டு கையையும் முட்டி மேல வச்சு உக்காந்திரணும். அடுத்தவங்க தேடுற சந்தோசத்தக் கெடுக்கக் கூடாது."

பாத்தீங்களா, மேடமே சிரிச்சிட்டாங்க. மேடம் வீட்டுக்காரரு ஒரு நாளு போன்ல இந்தக் கொரலக் கேட்டு, "வரும்போது முட்டை வாங்கிட்டு வந்திரு எஸ்தரு"ன்னுட்டாரு. ஏன் மேடம் சிரிப்ப நிறுத்திட்டீங்க?

போன வருசம் ஒரு சங்கடம் நடந்துச்சு. கொளத்தங்கரையில இருந்த பொட்டிய எவனோ வெளியாளு தூக்கிட்டுப் போயி, தூண்டிப் புழு போட்டு வச்சிக்கிட்டான். நோட்டக் காணோம், பொட்டிக்குள்ள மண்புழு. அதுல இருந்து ஒரு ஏற்பாடு பண்ணுனோம். எடத்துல ஒரு ஆளப் பாத்தா ஒரு கேள்வி கேக்கணும். நம்மாளுன்னா அதுக்குன்னு வச்ச பதிலச் சொல்வான். வெளியாளுன்னா முழிப்பான். முழிச்சா, பொட்டியப் பத்தி மூச்சு விடக் கூடாது. செருப்பு வாரச் சரி பண்ணுற மாதிரி குனிஞ்சுக்கிட்டு, மழை தண்ணியப் பத்திப் பேசி, ஆள அனுப்பிரணும். மேடம் வச்ச கேள்வி, "மழை வருமா?" பதிலு, "வந்தா நனைவோம்." இது ஒரு கேள்வியா? ஆடு மேய்க்கிறவரு கூட தானாச் சொல்லிருவாரு.

இந்தச் சமயத்துலதான் பங்கிராசு வந்தான்.

அந்தா, புங்கமரத்துக்கு அடியில தனியா உக்காந்திருக்கான் பாருங்க, தொப்பியக் கையில வச்சிக்கிட்டு. திரும்பிப் பாருங்க, தப்பில்ல, கோவிச்சுக்க மாட்டான். நாகல் நகர் பக்கம் ஒரு லேத் பட்டறையில வேலை. நாப்பது வயசு. கெட்டவன்னு சொல்ல மாட்டேன். என்ன, வாய் வராது. திக்குவாயி.

மொத மொத பழைய பம்புசெட்டு செவத்துக்கிட்ட பாத்தேன். உக்காந்திருந்தான், ரெண்டு கையும் முட்டி மேல. "மழை வருமா?"ன்னேன். "வந்தா நனைவோம்"ன்னான். சும்மா அழகாத்தான் சொன்னான். சரி, நம்மாளு. பேரென்னப்பான்னேன். அங்கதான் ஆரம்பிச்சுச்சு. இந்தாப் பாருங்க, இப்படிக் கண்ண மூடுவான். வலது காலத் தரையில தட்டுவான், தையல் மிசின் மாதிரி. ஒதடு ரெண்டும் ஒட்டிக்கிரும். "ப்... ப்... ப்... ப்..." நான் என்ன நெனச்சேன்? வண்டி டயர்ல காத்து எறங்குதுன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன்! "ப்... ப்... பங்..." நான் பொட்டியத் தேடி எடுத்து, பேரெழுதி, மூடி வச்சிட்டு வாரேன், அப்பத்தான் "...கிராஸ்"ங்கிறான்!

சிரிங்க, சிரிங்க. பச்சைச் சட்டைக்கு டீ மூக்குல ஏறிருச்சு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எந்த எழுத்துல மாட்டுறான்? 'ப'னாவுல மாட்டுறான். இந்த மாதிரிச் சரக்கு ஒரு மிமிக்ரிக்காரனுக்கு ஆயுசுல ஒரு தடவைதான் அமையும். மறு வாரமே மேடத்துக்கிட்ட சொன்னேன், மேடம், கேள்விய மாத்தணும், ஊருக்கே தெரிஞ்சு போச்சுன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க. நான் புதுசாப் போட்டேன். கேள்வி, "பழனி பஸ்ஸு போயிருச்சா?" பதிலு, "பஞ்சராகிப் பாலத்துல படுத்திருக்கு." பொட்டி தேடுறவங்க எல்லாரு போனுக்கும் மேடம் அனுப்பிட்டாங்க.

என்ன மேடம்? வேணும்னே வச்சேனான்னா கேக்குறீங்க? வேணும்னுதான் வச்சேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? கேலி கிண்டல் இல்லாம என்ன கூட்டாளித்தனம்? அதோட இன்னொண்ணும் சேத்தேன். பத்து எண்ணுறதுக்குள்ள பதிலு வரணும். வரலைன்னா வெளியாளு. எல்லாருக்கும் ஒரே சட்டம். ரியாசுக்கும் பத்துத்தான், மேடத்துக்கும் பத்துத்தான். அவனுக்குன்னு தனியா எட்டா எண்ணுனேன்?

அடுத்து ரயில்வே பாலத்துக்கிட்ட பாத்தேன். எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கான், கைய முட்டி மேல வச்சிக்கிட்டு. நான் என்னன்னா, ஆளுக்கு முட்டி வலி போலன்னு நெனச்சேன். "பழனி பஸ்ஸு போயிருச்சா?"ன்னேன். மொகத்தப் பாக்கணுமே! கண்ண மூடுனான். காலு தட்டுது. "ப்... ப்..." நான் வெரல விரிச்சு எண்ணுறேன், "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நான் எண்ண எண்ண அவனுக்கு இன்னும் இறுகுது. கழுத்து நரம்பு எந்திரிச்சு நிக்குது. ஒம்பதுன்னு சொல்றப்ப "பஞ்..."ன்னான். பத்து! முடிஞ்சு போச்சு. "அண்ணாச்சி வெளியூரா? இங்க பாம்பு இருக்கும், கெளம்புங்க"ன்னு மரியாதையா அனுப்பிட்டேன். போயிட்டான். ஒரு வார்த்தை பேசல. எப்படிப் பேசுவான்?

அப்பறம் கல்லுக்குவாரியில ஒரு தடவை, சந்தைக்குப் பின்னாடி தண்ணித் தொட்டியில ஒரு தடவை. எப்பப் போனாலும் முன்னாடி வந்து உக்காந்திருப்பான். எப்பவும் கேப்பேன், எப்பவும் எண்ணுவேன், எப்பவும் போயிருவான். ஒரு தடவை பாவி, பதில ஒரு அட்டையில எழுதிக் கொண்டாந்து காட்டுறான். "எழுத்தெல்லாம் செல்லாதப்பா, நான் எட்டாப்பு பெயிலு, எனக்கு வாசிக்க வராது"ன்னுட்டேன்.

நோட்டுல அவன் பேரு இருந்துச்சான்னு கேக்குறீங்களா? எவன் பாத்தான்? எம் பேர எழுதுவேன், மூடுவேன். அடுத்தவன் பேரெல்லாம் நான் ஏன் வாசிக்கணும்?

இதெல்லாம் இங்க வந்து நடிச்சுக் காட்டுனேன். ரியாசு வீடியோ எடுத்தான். எடுத்தியா இல்லையாடா? இப்ப தலையக் குனிஞ்சுக்க. அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சது நீதான். அந்த வீடியோ எங்கெங்க போச்சு தெரியுமா! லேத் பட்டறையில எல்லாரும் பாத்துட்டாங்க. அங்க அவனுக்கு இப்ப பேரே 'பஞ்சரு'தான். மொதலாளியே "ஏ பஞ்சரு, அந்த ஸ்பானர எடு"ங்கிறாராம். அவன் மக ஒம்பதாப்பு படிக்குது. கூடப் படிக்கிற பிள்ளைக பூராம் பாத்திருச்சுக. அது அப்பங்கிட்ட, பள்ளிக்கூட வாசலுக்கு இனிமே வராதீங்கப்பான்னு சொல்லிருச்சாம். பாத்தீங்களா, எங் கொரலு எம்புட்டுத் தூரம் போயிருக்கு! மைக்கு கூட இல்லாம!

ஏன் எல்லாரும் டீ கிளாசையே பாக்குறீங்க? சிரிக்கிற எடம்ப்பா இது.

சரி, இப்ப விசயத்துக்கு வாரேன். போன சனிக்கிழமை காலையில போனு டிங்குன்னுச்சு. இந்தச் சிறுமலையில புதுப் பொட்டி. பதினேழாவது வளைவுல எறங்கி, ஒத்தையடிப் பாதையில ஒரு பர்லாங்கு ஏறணும், பாறை இடுக்குன்னு போட்டிருக்கு. மேடம் ஊருல இல்ல. ரியாசு மச்சான் கல்யாணத்துல இருக்கான். எனக்கு ஒடம்பெல்லாம் துடிக்குது. மொத பேரு! சோணை, இன்னைக்கு விட்டா என்னைக்கும் இல்லடான்னு வண்டிய எடுத்தேன். ஒம்பது மணிக்கு இந்தக் கடையத் தாண்டிப் போறேன், கடைக்காரரே கையக் காட்டுனாரு. மழையின்னா மழை. முன்னாடி போற மாடு தெரியல.

பதினேழாவது வளைவுல வண்டிய நிறுத்தி, வழுக்கி வழுக்கி ஏறுறேன். மேல போனா, பாறை மேல யாரு? இவந்தான். பாலித்தீன் சாக்கத் தலையில கவுத்துக்கிட்டு, கைய முட்டி மேல வச்சு உக்காந்திருக்கான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். சிரிப்பு வரல, அன்னைக்கு ஆத்திரந்தான். "பழனி பஸ்ஸு போயிருச்சா?"ன்னு கத்துனேன். குளுருல அவனுக்குப் பல்லு வேற அடிக்குது. சாதாரணமாவே வராது, இதுல குளுரும் சேந்தா? "ப்ப்ப்ப்ப்..." நான் எட்டுத்தான் எண்ணுனேன்னு நெனைக்கிறேன், மழையில யாரு கணக்குப் பாத்தா? "நீ வெளியாளுடா, போடா கீழ"ன்னேன்.

போகல. அன்னைக்கு மட்டும் போகல. கைய நீட்டி நீட்டிப் பாறை இடுக்கக் காட்டுறான். தலைய ஆட்டுறான். கைய விடாத, விடாதங்கிற மாதிரி. நானா கேப்பேன்? எம் பொட்டிய நானே எடுக்கக் கூடாதுன்னு சொல்ல இவன் யாரு?

அப்பறம் என்ன ஆச்சு? அப்பறம்... அவந்தான் இடுக்குல கைய விட்டான். ஆமா, அவந்தான். விட்டது விட்டான், கை மாட்டிக்கிச்சு. முழங்கை வரைக்கும். உள்ளயும் போகல, வெளியயும் வரல. மேல தண்ணி வேற ஊத்துது. என்னா அழுகைங்கிறீங்க! "அ... அ... அண்ணே... க்... க்... காப்..." இப்படி! இந்தா, மூக்குல வடியிறதையும் சேத்துப் பாருங்க. காலப் புடிக்கிறான், கையப் புடிக்கிறான், சாமி பேரெல்லாம் சொல்றான். அவுங்க சாமி, நம்ம சாமி, எல்லாச் சாமியும்.

நான் விட்டுட்டா போவேன்? நான் அப்படிப்பட்ட ஆளா? கூடவே இருந்தேன். ஆறுதல் சொன்னேன். அப்பறம் கீழ ஓடிப் போயி வண்டியில இருந்து ஆக்சா பிளேட எடுத்தாந்து அறுத்து விட்டேன்.

என்ன ரியாசு? எத அறுத்தேனா? அது... அவன் கையில கயிறு கட்டியிருந்தான். மந்திரிச்ச கயிறு. அதான் மாட்டிக்கிச்சு. கயித்த அறுக்க எதுக்கு இரும்பறுக்குற ஆக்சா பிளேடா? நனைஞ்ச கயிறுடா! நனைஞ்ச கயிறு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா? வேன்ல எதுக்கு ஆக்சா பிளேடு வச்சிருக்கேனா? ஏன், லேத்துக்காரந்தான் பையில ஆக்சா பிளேடு வச்சிருக்கணும்னு சட்டமா?

எங் காப்பா? எந்தக் காப்பு? ஓ, எங் கையில கெடக்குமே அந்த வெங்கலக் காப்பக் கேக்குறீங்களா மேடம். வீட்டுல கழட்டி வச்சிருக்கேன். ஸ்டியரிங்குல பட்டு கணகணன்னு சத்தம் வருது, சவாரி வர்றவங்க தூங்க முடியலைங்கிறாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சைலன்சர்னு சொல்லிட்டேன்ல, சைலன்சர்தான்.

எறங்கி வரும்போது வண்டிய அவந்தான் ஓட்டிட்டு வந்தான்னு கடைக்காரரு சொல்றாரா? ஏன் அண்ணாச்சி, டீயப் போடுறத விட்டுட்டு ரோட்டையா பாத்துக்கிட்டு இருந்தீங்க? ஆமா, அவந்தான் ஓட்டுனான். பாவம், ரொம்ப நாளா வேன் ஓட்டணும்னு ஆசையாம். சின்ன ஆசை. கை மாட்டி அழுத மனுசன், ஆறுதலுக்கு ஓட்டட்டும்னு சாவியக் குடுத்தேன். நான் பக்கத்துல கண்ண மூடிச் சாஞ்சிருந்தேன், அசதி. ரெண்டு மணி நேரம் ஒருத்தனுக்கு ஆறுதல் சொல்றது லேசுப்பட்ட வேலையா?

இப்ப கேளுங்க என் வயித்தெரிச்சல. பொட்டியத் தொறக்குறேன். நோட்டப் பிரிக்கிறேன். மொத வரியில என்ன இருக்கு? 'பங்கிராஸ், 8.05.' ரெண்டாவது வரியில நான் எழுதுறேன், 'சோணை, 11.20.' அந்த நோட்டத்தான் இந்த நாயத்துக்காக மேடம் எடுத்தாந்து மடியில வச்சிருக்காங்க. ஏன் என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு, எடது கையில எழுதுன மாதிரி இருக்குன்னு மேடம் பாக்குறாங்க. எட்டாப்பு பெயிலு மேடம்! எழுத்து வந்திருந்தா நான் ஏன் வேன் ஓட்டுறேன்?

ம்? சொல்லுங்க மேடம். எட்டு அஞ்சுக்கே பேரெழுதி முடிச்ச ஆளு, ஒம்பது மணிக்கு மேல எதுக்கு மறுபடி இடுக்குல கைய விட்டான்னா? ...நல்ல கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி. ஆசைதான் மேடம். மனுச ஆசை. ஒரு தடவை எழுதுனா பத்தாது சில பேருக்கு.

இங்க பாருங்க, அதெல்லாம் விடுங்க. சட்டத்துக்கு வாங்க. நம்ம சட்டம் என்ன? பத்து எண்ணுறதுக்குள்ள பதில் சொல்லாதவன் வெளியாளு. வெளியாளு பேரு நோட்டுல இருந்தா அது பேரே இல்ல, கிறுக்கலு. அந்தக் கிறுக்கல அடிச்சிட்டா, மொத பேரு யாரு? நான். மூணு வருசமாக் காத்திருக்கேன். மேடம், பேனாவ எடுங்க, ஒரே ஒரு கோடு போடுங்க. நம்ம கூட்டத்துல சேத்துக்கிருங்கன்னு இவன் வேற எழுதிக் குடுத்திருக்கானாமே, அதையும் கிழிச்சிருங்க. வாய் வராத ஆளு தேடுற எடத்துல இன்னொருத்தன எப்படி விசாரிப்பான்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?

எதிர்ப்பேச்சு இருந்தா அவனே சொல்லட்டும். நானா வாயக் கட்டி வச்சிருக்கேன்? இந்த எட்டு நாளா நானும் பாக்குறேன், ஒரு ஆளுகிட்டக்கூட இவன் ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை! எதுக்குச் சொல்லல? சொல்ல ஒண்ணும் இல்ல, அதான். ஏப்பா பங்கிராசு, எந்திரி. எல்லாரும் பாக்குற மாதிரி எந்திரிச்சு நில்லு. நான் சொன்னதுல பொய் இருக்கா? இருந்தா சொல்லு. பயப்படாத, ஒனக்கும் பத்துத்தான். எண்ணுறேன். கண்ண மூடிட்டான் பாருங்க, காலு ஆரம்பிச்சிருச்சு! ஒண்ணு... ரெண்டு... மூணு... எல்லாரும் சேந்து எண்ணுங்கப்பா, என்ன ஊமையாட்டம்? நாலு... அஞ்சு... காலு நின்னு போச்சே, அம்புட்டுத்தானா? ஆறு...

"ஐயோ பங்கிராசு! தம்பி! போயிராதப்பா! விட்டுட்டுப் போகலைன்னு தெரியுது, பிளேடு எடுக்கத்தான் போற, இருந்தாலும் போயிராதப்பா! ஒங் காலப் புடிக்கிறேன், காப்பு சதையில எறங்குதுப்பா, கை செத்துப் போச்சுப்பா, காப்ப அறுத்தாலும் அறு, கைய அறுத்தாலும் அறு, என்னைய வெளிய எடுத்து விட்ரு சாமி! இனிமே ஒன்னைய மாதிரிப் பேசவே மாட்டேன், எம் பிள்ளைக மேல சத்தியம்! மொத பேரு ஒன்னோடதுதான்னு ஊரக் கூட்டி நானே சொல்றேன்! ஒண்ணே ஒண்ணுப்பா, நான் அழுதத மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத, எம் பொழப்பே போயிரும்!"

யாரு... யாருடா அது எங் கொரல்ல? ரியாசு, நீயா? நீ வாயத் தொறக்கலையே. மேடம், நான் பேசலையே, எங் கொரலு எங்க இருந்து... பங்கிராசு? நீயாடா? ஒனக்கு... ஒரு எழுத்துகூடத் திக்கல. எப்படிடா?

"ஒங்க கொரலுண்ணே. அதுல திக்க மாட்டேங்குது."

சிரிக்காதீங்க. ஏய் பச்சைச் சட்டை, இதுல சிரிக்க என்ன இருக்கு? மேடம், பேனாவ மூடாதீங்க, நான் சொல்றத... அ... அது வந்து... அன்னைக்கு ம... மழையில... நா... நா... நான் என்ன சொல்ல வந்தேன்னா...

"அவசரப்படாதீங்கண்ணே. மெதுவாச் சொல்லுங்க. ப்... ப்... பத்து எண்ணட்டுமா?"